போனில் பார்த்த மஞ்சள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நலம் என்று எழுதத்தான் பேனா போகிறது, ஆனால் உன் பிள்ளைக்கு அந்த மஞ்சள் காமாலை இறங்குகிற வரைக்கும் இந்த வீட்டில் யாருக்கும் நலம் கிடையாது, அதனால் அந்த வரியை அப்புறம் எழுதிக்கொள்கிறேன். பிறந்து ஆறே நாள், கண்ணைத் துணியால் கட்டி நீல விளக்குக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறார்கள், பால் கொடுக்க மட்டும் எடுத்துத் தருகிறார்கள், மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாய். நானும் இங்கே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பாவுக்கு இடுப்பில் கம்பி வைத்து மூன்று வாரம், நானும் கடைக்கு லீவு போட்டு மூன்று வாரம். நான் குளிக்கப் போனாலும் டம்ளரில் கரண்டியால் தட்டுகிறார், ஈரத் தலையோடு ஓடி வந்தால், ஒண்ணுமில்ல, இருக்கியான்னு பார்த்தேன் என்கிறார். நேற்று, நான் கிளம்பட்டுமா என்று கேட்டேன். போ, நான் பார்த்துக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு முகத்தை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார், அதுகூட முடியவில்லை. அவரை விட்டு வரவும் வழியில்லை, உன்னை அங்கே விட்டு இருக்கவும் மனசில்லை, கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

வாயால் சொன்னால் விடும்மா, விடும்மா என்று நீ பேச்சை மூடிவிடுவாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து மாப்பிள்ளை போனுக்கு அனுப்புகிறேன். முப்பத்தோரு வருஷமாகப் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவள் நான். யார் வந்து போனை நீட்டி இந்தச் சுவர் மாதிரி வேணும் என்றாலும், போனில் பார்த்து நிறம் சொல்ல மாட்டேன், சுவரில் ஒரு சில்லு பெயர்த்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். அப்படி ஒரு அட்டையை என் கையாலேயே எழுதிக் கடையில் மாட்டியிருக்கிறேன், நீயும் பார்த்திருக்கிறாய். ஊருக்குத்தான் உபதேசம். நாலாம் நாள் காலையில் நீ படம் அனுப்பி, இன்னிக்கு ரத்தம் பார்க்க வரச் சொன்னாங்கம்மா, நேத்தைக்குக் குறைஞ்ச மாதிரி இருக்கே, போகணுமா என்று கேட்டாய். முந்தின நாள் படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒரு படி இறங்கியிருக்கு, தையல் வலியோட எதுக்கு அலையுறே, நாளைக்குப் போயிக்கலாம் என்று சொன்னவள் நான். அம்மா என்பதற்காக நீ என்னைக் கேட்கவில்லை, நிறம் தெரிந்தவள் என்பதற்காகக் கேட்டாய், அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. மறுநாள் பிள்ளை பாலுக்கே எழவில்லை, உள்ளங்காலைச் சுண்டினாலும் கண் திறக்கவில்லை, அள்ளிக்கொண்டு ஓடினீர்கள், ரத்தத்தில் மஞ்சள் அளவு இருபத்தொன்று என்று வந்தது. உன் போன் எந்த முகத்தையும் வெளுப்பாக்கித்தான் எடுக்கும் என்று மாப்பிள்ளை அப்புறம்தான் சொன்னார். கடைக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் சொல்கிற விஷயம் அது. நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

எதிர் வீட்டு டெய்லர் அக்கா வந்து, சர்க்கரைத் தண்ணி கொடுக்கச் சொல்லு, ஜன்னல் வெயில்ல காட்டச் சொல்லு, ரெண்டு நாள்ல ஓடிப்போயிடும் என்றாள். நான் சொன்ன ஒண்ணே போதும், நீ வேறயா என்று கேட்டுவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், பாவம். டாக்டர் வாயிலிருந்து வராத எதையும் செய்யாதே, அது என் வாயிலிருந்து வந்தாலும் சரி. நர்ஸ் சொல்கிற நேரத்துக்கு எழுப்பிப் பால் கொடு, தூங்குகிறதே என்று பாவம் பார்க்காதே. குடிக்கக் குடிக்கத்தான் அந்த மஞ்சள் வெளியே போகும் என்று அவர்கள் சொன்னதாக நீயே சொன்னாய். நீயும் சாப்பிடு. கொஞ்ச நேரம் மாப்பிள்ளையை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் படு, அவர் ஒன்றும் உடைந்து போய்விட மாட்டார்.

மூன்று பேரும் ஒரே கட்டிலில் படுத்துத் தூங்குகிற நாள் சீக்கிரம் வரட்டும், நீயும் உன் மகளும் நூறு வருஷம் இருக்க வேண்டும். உன் அப்பாவும் படுத்தபடியே கையைத் தூக்கி ஆசீர்வாதம் என்கிறார். ஒன்று மட்டும் மறக்காதே. இன்று காலையில் ஒரு படம் அனுப்பி, இப்ப எப்படிம்மா இருக்கு என்று கேட்டிருக்கிறாய். நான் அதைத் திறக்கவில்லை. பேத்தியைக் காட்டு என்று அப்பா டம்ளரைத் தட்டித் தட்டி ஓய்ந்துவிட்டார், அப்போதும் திறக்கவில்லை. திறந்தால் கண் நிறம் பார்க்க ஆரம்பித்துவிடும், வாய் ஏதாவது சொல்லிவிடும். டாக்டர் சொல்கிற எண்ணை மட்டும் எழுதி அனுப்பு கண்ணு, அது இறங்கட்டும், அப்புறம் எத்தனை படம் வேண்டுமானாலும் அனுப்பு. ஆறு நாளாக உன் பிள்ளையின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் மூக்கு யார் மாதிரி என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா