பஸ் டிரைவரின் கிளி

மார்ச் 5, புதன்

நான் யாருடைய துணியையும் கிழிக்கவில்லை. கிழிப்பது வேறு, பிரிப்பது வேறு. மருமகள் போனில் யாரிடமோ "அத்தை ஒருத்தரோட துணியக் கிழிச்சிட்டாங்களாம்" என்று சிரித்தது என் காதில் விழுந்தது.

நடந்தது இதுதான். செவ்வாய் மாலைகளில் நூலக மாடியில் நடக்கும் கைவேலை வகுப்பு, ஒன்றுமே தெரியாத பெரியவர்களுக்கானது. எனக்குக் களிமண்ணும் வண்ணமும்தான் தெரியாது. இந்த மாதம் பூத்தையல் என்று வந்தது என் குற்றமல்ல. பக்கத்து நாற்காலிக்காரர், ஒரு பஸ் டிரைவர், தலையணை உறையில் விரல் நீளத்துக்கு ஒரு கிளி போட்டிருந்தார். கிளி என்று அவர்தான் சொன்னார். பார்ப்பதற்கு வெண்டைக்காய். அவர் டீக்கும் அரட்டைக்கும் கீழே போன நேரத்தில் அதைப் பிரித்து, சங்கிலித் தையலில் ஒழுங்காகப் போட்டு வைத்தேன். நான் படித்த கான்வென்ட்டில் அதுதான் முறை: கோணல் தையலைப் பக்கத்தில் இருப்பவள் பிரித்துத் திருத்த வேண்டும்.

திரும்பி வந்து துணியைப் பார்த்தார். "இத நான் போட்டேன்னா என் வீட்டுக்காரி நம்ப மாட்டாம்மா" என்றார். துணியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

அவர் வரவில்லை.

கல்யாண நாளுக்கு மனைவிக்குக் கொடுக்க, அவளுக்குத் தெரியாமல் அந்த உறையைத் தைத்துக்கொண்டிருந்தாராம். "வீட்ல சீட்டாடப் போறேன்னு சொல்லி, அதுக்குத் திட்டும் வாங்கிக்கிட்டு வந்தாரும்மா" என்றாள் டீச்சர்.

டீக்குப் போகும்போது இன்று எல்லோரும் தங்கள் துணியைக் கையோடு எடுத்துப் போனார்கள். பேக்கரிக்காரி பைக்குள் திணித்துக்கொண்டு, "பாட்டி கண்ணுல பட்டுடப் போவுது" என்றாள். பாட்டியாம்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் விட்டுப்போன துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 13, வியாழன்

"ஒரு சாரி சொன்னா கிரீடம் எறங்கிடுமா அத்தை?"

இறங்காதுதான். ஆனால் அவருக்கு வேண்டியது சாரியா? அந்த வெண்டைக்காயல்லவா வேண்டும்?

மார்ச் 16, ஞாயிறு

காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் தையலைப் பிரித்தேன். அடியில் அவருடைய ஊசித் துளைகள் கோணலும் மாணலுமாய் அப்படியே இருந்தன. கண் இருந்த இடத்தில் மட்டும் துளை மேல் துளை. மனுஷன் எத்தனை தடவை பிரித்துப் போட்டாரோ.

அந்தத் துளைகள் வழியாகவே நூலை விட்டேன். கழுத்து வரை வந்துவிட்டது — அசல் அவர் கிளிதான், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் கை நின்றுவிட்டது. இது மட்டும் யார் போட்டதாம்? ஏன் எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது?

அதையும் பிரித்தேன்.

மார்ச் 17, திங்கள்

மருமகள் ஸ்கூட்டரில் பஸ் டிப்போவுக்குக் கூட்டிப் போனாள். நல்ல பெண். டிரைவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போயிருந்தார். துணியையும் கடிதத்தையும் கவரில் போட்டு ஒட்டி, டிப்போ ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன். கடிதத்தின் நகல்:

டிரைவர் அவர்களுக்கு,

உங்களைக் கேட்காமல் உங்கள் துணியைத் தொட்டது தவறு. மன்னிக்கவும். நான் போட்டதைப் பிரித்துவிட்டேன். உங்கள் ஊசித் துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே போனால் உங்கள் கிளி திரும்பக் கிடைக்கும். நான் போட மாட்டேன். சீட்டாட்டப் பொய் அம்பலமாகிவிடக் கூடாது என்பதால்தான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த மாதம் களிமண். அதில் நான் ஒன்றும் அறியாதவள். பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

நேரில் கேட்டால் "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவீர்கள். ஆகவே, வருவீர்களா மாட்டீர்களா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவிக்கவும்.