சக்கரபாணி அண்ணனின் குரூப்

11-8-2004, புதன்
ஹேமலதா அண்ணிக்குப் பிரசவம் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். B நெகடிவ் கொடுக்க ஆள் தயாராக வேண்டுமாம். "நீதான் தேடற புரோகிராம் போட்டிருக்கியே, கலை" என்றான் அண்ணன். கருவடிக்குப்பம் ரத்ததானச் சங்கத்துக்கு நான் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. பெயர், போன், கடைசியில் ரத்த குரூப் - எல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில், கமா போட்டு.
தேடினேன். ஒருவரும் இல்லை. எப்படி இல்லாமல் போவார்கள்?

12-8
பிழை என்றுகூடச் சொல்லாமல் வெறும் பூஜ்யம் காட்டுகிறது, சனியன். குரூப் அப்படியே B- ஆக இருக்கவேண்டும் என்ற சமக்குறியை எடுத்துவிட்டு, B- எங்கே இருந்தாலும் பிடி என்று 'லைக்' கட்டளை போட்டேன். மூன்று பேர்! முதலில் ஏன் வரவில்லை? தெரிந்து என்ன ஆகப்போகிறது.

13-8
முதல் பெயர் சக்கரபாணி. நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறார். போன் போட்டேன். "எப்ப வேணா கூப்புடும்மா, வந்துடறேன்." இவரே போதும்.

15-8, ஞாயிறு
காலையிலேயே அண்ணிக்கு வலி. படகுக்கு வந்த லீவு நாள் கூட்டத்தை விட்டுவிட்டு சக்கரபாணி ஓடி வந்தார். சோதித்த நர்ஸ், "இவரு AB நெகடிவ். ஏத்த முடியாது" என்றார்.
AB-. அதற்குள்ளும் B- இருக்கிறதே! மடச்சி. பெயரும் போனும் மட்டும் காட்டச் சொன்னேன். குரூப்பையும் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அண்ணன் திட்டக்கூட இல்ல. அதான் தாங்க முடியல.
"எங்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றார் சக்கரபாணி.
கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடி ஃபைலைத் திறந்தேன். இரண்டாவது ஆளும் AB. மூன்றாவது, தவளக்குப்பம் அறிவுமதி, B. போன் எடுக்கவில்லை. "எங்க ஊரு பக்கந்தான், இட்டாரேன்" என்று வண்டியை எடுத்தார் சக்கரபாணி. அவர்கள் வரும்வரை நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

16-8
பெண் குழந்தை. இருவரும் நலம். என்னால் இன்னும் சாப்பிட முடியவில்லை.

20-8
காரணம் கிடைத்தது. சங்கத்தில் நோட்பேடில் அடித்துச் சேர்த்ததில், வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து குரூப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதனால்தான் முதலில் சமக்குறிக்கு யாரும் சிக்கவில்லை. அதை வெட்டிவிட்டுச் சமக்குறியைத் திரும்பப் போட்டேன். B- தேடினால் அறிவுமதி மட்டும். ஒரே ஒருவர். மூன்று பேர் என்று குதித்தேனே!

9-9
AB நெகடிவ் அவசரம் என்று ஒரு போன். இரண்டு பெயர் வந்தது, குரூப்போடு. சக்கரபாணியைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. கூப்பிட்டேன்.
"இந்தத் தடவ சரியா பாத்தியாம்மா?"
"பாத்துட்டேண்ணே. ஆனா நீங்களே சொல்லுங்க, உங்க குரூப் என்ன?"
சிரித்துவிட்டார். "AB நெகடிவ்மா. கெளம்பிட்டேன்."