கால் பட்ட சிலை

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று மியூசியத்தில் ஒரு சின்னக் கூத்து. ஆராய்ச்சிக்காகப் பழைய புனிதர் சிலைகளை அடுக்கும்போது ஒன்றின்மேல் என் கால் பட்டுவிட்டது. சட்டென்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற எங்கள் சமயவியல் பேராசிரியருக்கு ஒரே குஷி.

"அப்படியே இன்னொரு தடவ செய்யும்மா, வீடியோ எடுத்துக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மன்னிப்பு கேட்டேன் சார், வித்தை காட்டல."

"நீ படிக்க வந்தியா, கும்பிட வந்தியா?" என்கிறார்! உலகத்துப் பக்தியையெல்லாம் கரைத்துக் குடித்தவருக்கு இதுகூடவா புரியாது?

சரி, விடுங்கள். தலையணைக்கு உறை இல்லை. உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை போய்விடும். அதை அந்த ஆள் கண்ணில் காட்டவே மாட்டேன், அதற்கும் வீடியோ கேட்பார்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்