வாசல் பலகையில் ஒரு 'லாம்'

பிப்ரவரி 4

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் தையல் கடைக்குப் புது மெஷின் வந்துவிட்டதா? முதுகு வலி எப்படி இருக்கிறது? இங்கே பாப்பா கவிழ்ந்து படுக்கப் பழகிவிட்டாள். எங்கள் தூக்கம் போனது.

ஒரு நல்ல செய்தி. நீயும் பல் டாக்டரும் ஒரே வீட்டில் வாழ்வதைப் பற்றி நம் சபையில் எவ்வளவு பேச்சு என்று உனக்கே தெரியும். நான் 'தோழி' என்பேன், மற்றவர்கள் 'ஜோடி' என்பார்கள். போதகர் என்ற முறையில் கமிட்டியோடு மல்லுக்கு நின்றேன். இப்போது வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டோம்: "எல்லாரும் வரலாம்." உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்தே எழுதியது.

பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும். அதற்கு முன் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் வந்து எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டுப் போங்கள்.

ஜெபத்துடன்,
உன் தம்பி

பிப்ரவரி 19

அருமைத் தம்பிக்கு,

மெஷின் வந்துவிட்டது. முதுகு அப்படியேதான். நீ சொன்னபடி வந்தோம், நீயும்தான் பார்த்தாயே.

முதலில் அந்தப் பலகை. பல்லி (பல் டாக்டரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அதைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "இது என் கிளினிக்ல நர்ஸ் சொல்றதுல்ல? 'அடுத்தவங்க வரலாம்'னு. உள்ள போனா பல்லைப் புடுங்குவாங்க" என்றாள். வீட்டுக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று கூப்பிடத் தெரியாத ஊரா நம்முடையது? கமிட்டி முழுக்கப் படித்தவர்கள், ஒருவர் வாயிலும் அந்த வார்த்தை வரவில்லை.

உட்கார்ந்தோம். உங்கள் செயலாளர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வந்து, எங்கள் நடுவில் பாட்டுப் புத்தகத்தை வைத்தார். "அம்மா, வரலாம்னுதான் போட்டிருக்கோம். பக்கத்துல பக்கத்துல உக்காரலாம்னு போடலியே" என்றார். என்ன ஒரு இலக்கணப் புலி! அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்தபோது மறுபடி ஓடி வந்தார். அதற்குத் தனியாக ஒரு 'லாம்' வேண்டுமாம்.

கையில் கிண்ணத்தோடு நீ என்னைப் பார்த்தாய். பிறகு மேசை விரிப்பில் சுருக்கம் நீவ ஆரம்பித்தாய். அந்த விரிப்பைத் தைத்துக் கொடுத்தவள் நான், அதில் சுருக்கம் விழாது. வாய் செத்த போதகன் என்று உன்னை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பல்லி ஜெபம் சொல்லாமல் ஒரு வாய் சாப்பிடாதவள். அன்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

ஞானத்தாயாக நிற்க எனக்குக் கொள்ளை ஆசை. பாப்பாவை என் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும் நாளை, அவள் பிறந்த அன்றே கற்பனை செய்துவிட்டேன். ஆனால் பல்லி முதல் வரிசையில் உட்கார வேண்டும். நீயே அழைத்துக்கொண்டு போய் உட்காரவை. வேறு எதுவும் கேட்கவில்லை.

எரிச்சலோடும் பாசத்தோடும்,
அக்கா

மார்ச் 2

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், வருந்தவும் செய்தேன். செயலாளர் பழைய காலத்து மனிதர். ஆராதனை நடுவில் கலாட்டா வேண்டாமே என்றுதான் பேசாமல் இருந்தேன். எல்லாம் படிப்படியாகத்தான் நடக்கும்.

கமிட்டியை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டேன். நீ மட்டும் வா. சபை முன்னால் நின்று, "நான் மனந்திரும்பினேன்" என்று ஒரு வார்த்தை சொல். எதிலிருந்து என்று யாரும் கேட்கப்போவதில்லை. காபி அதிகம் குடிப்பதிலிருந்து என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளேன். டாக்டருக்குக் கேக் கொடுத்தனுப்புகிறோம்.

இன்னொன்று. பாப்பாவுக்கு உன் பெயரைத்தான் வைக்கப்போகிறோம். கமிட்டிக்கும் ஆட்சேபணை இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

மார்ச் 9

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தாங்கள் கேட்ட வார்த்தையைச் சொல்ல இயலாது. கர்த்தருக்கு முன் நின்று பொய் சொல்ல, தங்களைப் போல் எனக்குப் பழக்கம் இல்லை. நான் அவரை நேசிக்கிறேன். டாக்டரையும் நேசிக்கிறேன். இந்த இரண்டில் எதை விட்டும் திரும்பமாட்டேன். ஊரார் ஒதுக்கியவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து ஏச்சு வாங்கியவர் கர்த்தர். தாங்களோ ஏச்சுக்குப் பயந்து அவருடைய பந்திக்கே காவல் நிற்கிறீர்கள்.

கேக் வேண்டாம். டாக்டர் இனிப்பு தொடமாட்டார், அது தொழில் தர்மம். ஞானத்தாயாகச் செயலாளரின் மனைவி நிற்கட்டும். அவர் யாரோடு வாழ்கிறார் என்பதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கமிட்டி பொறுத்துக்கொள்ளும்.

குழந்தைக்கு என் பெயரை வைக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் வாய் நிறைய என் பெயரைச் சொல்லிக் கொஞ்சிவிட்டு, தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது தங்களுக்கும் சிரமமாக இருக்கும்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி