அறுபதுக்குப் பத்தொன்பது குறைவு

1996 ஜூலை 7, ஞாயிறு

பத்து மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வந்தது. துணி துவைத்தேன். பிறகு வழக்கம்போல் என் அறையில் சீட்டாட்டம். அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் அனுப்பிய ஆட்டம். ஒவ்வொருவரும் தன் சீட்டுக்கட்டைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். அதில் எத்தனை சீட்டு இருக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இருப்பதை வைத்து ஆடுவோம்.

என்னிடம் எழுபத்திரண்டு. மனோஜ்குமார், முஜீப் இருவரிடமும் அறுபதைத் தாண்டும். அடுத்த தெரு நரசிம்மலுவிடம் நாற்பத்தொன்றுதான். மே மாதம் என் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் போட்டுக்கொடுத்துப் பதிலுக்கு வாங்கிக்கொண்டவை.

தொடர்ந்து நான்காவது ஞாயிறு, அவனிடம் தோற்றேன். ஆட்டத்திலேயே சக்தி அதிகமுள்ள சீட்டு தீப்பறவை; அவனுடைய நான்கும் கூப்பிட்ட குரலுக்கு வருகின்றன.

“ஏன் மாப்ள, மூஞ்சி அவிஞ்ச கத்திரிக்காயாட்டம் இருக்குது?” என்றான்.

சிரித்தேன். சிரித்தேனா?

ஜூலை 9

புள்ளியியல் வகுப்பில் பாடத்தைக் கவனிக்காமல் கணக்குப் போட்டேன். முதலில் எடுக்கும் ஏழு சீட்டில் ஒரு தீப்பறவையாவது இருக்கும் வாய்ப்பு: நாற்பத்தொன்றில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. அறுபதில் நாற்பது. என் எழுபத்திரண்டில் அவை இருந்தால் முப்பத்து நான்கு.

ஆக, இது அதிர்ஷ்டம் இல்லை. கட்டு சின்னது, அவ்வளவுதான்.

ஜூலை 11

என் கட்டையும் சிறிதாக்கலாம். முப்பது சீட்டை எடுத்துவிட்டால் போதும். உட்கார்ந்து பார்த்தேன். எதை எடுப்பது? ஒவ்வொன்றும் வேண்டியதாக இருந்தது. ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஒரு காரியம் செய்தேன்.

ஆட்டத்தோடு வந்த விதிப்புத்தகம் என்னிடம் மட்டும் இருக்கிறது. மற்றவர்கள் நான் சொல்லித்தான் ஆடக் கற்றார்கள். இன்று பாயில் உட்கார்ந்ததும் சொன்னேன் — ஒரு கட்டில் குறைந்தது அறுபது சீட்டு இருக்க வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, இத்தனை நாள் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

புத்தகத்தில் இருப்பது நாற்பது.

நரசிம்மலு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் சீட்டுகளை எண்ணினான், எத்தனை என்று தெரியாதவன்போல.

“அறுபதுக்குப் பத்தொம்போது கொறையுதே மாப்ள.”

“கல்யாணப் பத்திரிகைய வெட்டிச் சேத்திக்கடா,” என்றான் மனோஜ். முஜீப் சிரித்தான். நரசிம்மலுவும் சிரித்தான்.

நான் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

வந்தான். அறுபதோடு வந்தான்.

பத்தொன்பதையும் நோட்டு அட்டையில் வெட்டியிருந்தான். பின்புறம் முழுக்க அசல் சீட்டின் பழுப்பு நிறம். முன்புறம் படங்கள், அவனுடைய வரைபேனாவில். மில் புகைபோக்கி. நொய்யல் பாலம். தொண்டாமுத்தூர் வாழைத்தோப்பில் இறங்கிய ஒற்றை யானை. ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய எழுத்தில்: ‘ஒன்றும் செய்யாது.’

“எண்ணிக்கைக்குத்தான் மாப்ள. இதுக்குச் சக்தி ஒண்ணுங் கெடையாது. கையில வந்தா எனக்குத்தான் நட்டம்.”

அது சரிதான். அவனுக்குத்தான் நஷ்டம். என் கணக்கே அதைத்தான் சொன்னது. நாற்பது சதவீதம். அதற்குத்தானே ஆசைப்பட்டேன்?

ஆனால் மனோஜும் முஜீப்பும் அந்தச் சீட்டுகளைக் கை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் எழுபத்திரண்டை அவர்கள் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

“அட்டை தடிப்பா இருக்கு. பின்னாடி பாத்தாலே எதுன்னு தெரியுது. செல்லாது,” என்றேன்.

“விடு அருளு, என்ன இப்போ?” என்றான் முஜீப்.

“ரூல்னா ரூல்தான்.”

நரசிம்மலு சீட்டுகளைப் பொறுக்கி ரப்பர் பேண்டு போட்டான். எழுந்தான்.

“சரிங்க. வாரேனுங்க.”

ஊரே எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் அழைக்கிறது. கண்டக்டர், கீரைக்காரம்மா, எல்லோரும். அவன் என்னை அப்படி அழைத்தது இன்றுதான் முதல் தடவை.

ஜூலை 28, ஞாயிறு

வரவில்லை. ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 4

ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

“அந்தப் புத்தகத்தக் கொண்டா, நானும் ஒருக்கா படிக்கறேன்,” என்றான் முஜீப். தொலைந்துவிட்டது என்றேன். டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. இதை எழுதும்போது என் கால் அந்தப் பெட்டிமேல்தான் இருக்கிறது.

அறை பெருக்கும்போது கட்டிலுக்குக் கீழே ஒரு சீட்டு கிடைத்தது. யானை. அன்று ரப்பர் பேண்டு போடும்போது நழுவியிருக்க வேண்டும்.

கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அடுத்த தெருதான். இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நரசிம்மலு, கையில் தகரப்பெட்டி. அவன் அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்களாம். பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் படம் வரையும் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே தங்கல்.

“சௌக்கியங்களா?” என்று கேட்டான்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஈரோடு பஸ் வந்தது. பஸ்ஸின்மேல் பழி போட வேண்டியதில்லை. அது ஐந்து நிமிடம் நின்றுதான் கிளம்பியது.

அக்டோபர் 27

யாரும் வரவில்லை. மனோஜுக்குப் பரீட்சை. முஜீப் காரணம் எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் 7, சனி

பெருந்துறை போனேன். தொழிற்பேட்டை வாசலில் டீக்கடை. இடைவேளைக்கு வெளியே வந்தான். விரல்களில் மை.

முன்கூட்டி யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. “புத்தகத்துல நாப்பதுதான் போட்டிருக்கு. நான் பொய் சொன்னேன்,” என்றேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

“தெரியுமுங்க.”

“எப்படி?”

“மே மாசம் உங்க ரெக்கார்டுக்குப் படம் போடறப்ப மேசை மேல கெடந்துச்சுங்களே. படிச்சுப்போட்டுத்தான ஆடவே வந்தேன்.”

“அப்பறம் ஏன்டா சொல்லல?”

“உங்க ஊட்டுல, உங்க பாயில உக்காந்துட்டு, அவங்க ரெண்டு பேருக்கு முன்னால எப்படிங்க சொல்றது? பத்தொம்போதுதான, வெட்டிக்கலாம்னு நெனச்சேன்.”

பொய் என்று தெரிந்தும் ஒரு வாரம் உட்கார்ந்து பத்தொன்பது படம் வரைந்திருக்கிறான். நான் வெட்கப்படாமல் இருக்க.

ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். ஷிப்டு என்றான். சீட்டுகளை ஊரைவிட்டுக் கிளம்பும்போதே முஜீப்பிடம் கொடுத்துவிட்டானாம்.

“என்னை ‘மாப்ள’ன்னு கூப்பிடுடா,” என்றேன்.

நன்றாகச் சிரித்தான். “பழகிப்போச்சுங்க.”

டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

மனோஜையும் முஜீப்பையும் நானே போய்க் கூட்டிவந்தேன். பெட்டிக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து முஜீப் கையில் கொடுத்தேன், பக்கத்தை விரித்தே. அவன் படித்தான். மனோஜிடம் காட்டினான்.

“த்தூ,” என்றான் மனோஜ். ஆனால் எழுந்து போகவில்லை.

முஜீப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தான். நரசிம்மலுவின் நாற்பத்தொன்று, அதே ரப்பர் பேண்டு. “இத வெச்சு உங்கூட ஆடறேன், வா.”

என் கட்டை நேற்றே அமைத்து வைத்திருந்தேன். நாற்பது. முப்பத்து மூன்று சீட்டுகளை எடுத்துவிட்டு, ஒன்றைச் சேர்த்தேன். கஷ்டமாக இல்லை. ஜூலையில் மட்டும் ஏன் அத்தனை கஷ்டமாக இருந்தது?

கலைத்தேன். ஏழு எடுத்தேன். மூன்றாவதாக வந்தது யானை.

“ஏய், அது தடிப்பா இருக்கு. பின்னாடியே தெரியுது,” என்றான் முஜீப்.

“தெரியட்டும்.”

“என்ன செய்யும் அது?”

அடியில் நரசிம்மலு எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்.