பாட்டில் விழுந்த என் குரல்

மேல் பிரிவு,
கஹவத்தை.
6.3.1980

அன்பு மகன் பழனியப்பனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகம், கொழும்பில் உனக்கும் உன்னோடு ஒரே அறையில் கிடக்கிற பிள்ளைகளுக்கும் சோறும் தூக்கமும் குறையாமல் இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல சீதா எழுதுகிறாள். அவள் படிப்பு முடித்துப் பேராதனையிலிருந்து வந்து எட்டு மாதமாகிறது, வாத்தியார் வேலைக்கு இன்னும் கடிதம் வரவில்லை, அதைப் பற்றி நான் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள், அதனால் கேட்பதில்லை. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மழை விட்டதால் ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறார்.

போன மாதம் கடைக்குப் போனபோது கடைக்காரர் லாபிர் நானா, "ஒங்கட மகன் கொழும்புல என்ன தொழில்?" என்று கேட்டார். பாட்டு வேலை என்றேன். பாடுறாரா என்றார், இல்லை என்றேன். மேளம் அடிக்கிறாரா என்றார், அதுவும் இல்லை என்றேன். "அப்ப மத்தவங்க பாடக்கொள்ள இவரு பக்கத்துல நின்டு டீ குடிக்கிறாரா?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து சீதாவிடம் கேட்டேன். அவள்தான் விளங்கப்படுத்தினாள், யார் பாடுவது எந்த அடிக்குப் பாடுவது என்று முடிவு செய்வதும், அதைப் பதிந்து ஒவ்வொரு கேசட்டாகப் பிரதி எடுப்பதும், ரேடியோக்காரர்கள் எடுக்காத பாட்டைக் கை மாற்றிக் கை மாற்றி பஸ்ஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் சேர்ப்பதும், பாடியவன் பேர் வெளியே வராமல் காப்பதும் நீதான் என்று. இவ்வளவு வேலையா என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை நீ செய்த கேசட் ஒன்றை நானே கேட்டேன். கஹவத்தையிலிருந்து வரும் பஸ்ஸில் போட்டார்கள். தப்பு மேளத்து அடிக்கு மேல் ஏறி நின்று நம்ம தோட்டத்துத் தங்கையா மூச்சு விடாமல் பேசுகிறானே, "தலவலிக்கும் அதே தண்ணி, கால்வலிக்கும் அதே தண்ணி" என்று, அது பாட்டா பேச்சா என்று தெரியவில்லை, ஆனால் பஸ் முழுக்கச் சிரிப்பு. சிங்கள டிரைவரும் வார்த்தை புரியாமலே ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான். நானும் சிரித்தேன். அப்போது பாட்டுக்கு நடுவிலே, "ஏ சீதா, கஞ்சி பொங்குது, கண்ணு எங்க இருக்கு?" என்று என் குரல்! பொங்கலுக்கு வந்தபோது எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அறைக்குள் நனைத்த சாக்கெல்லாம் தொங்கவிட்டு என்னமோ செய்தாயே, அது இதுதானா? லயத்தில் பிறந்த உனக்கு நம்ம சுவர் கூரை வரைக்கும் போகாது, பக்கத்துக் காம்பராவில் பேசினாலும் மேலே தாண்டி வரும் என்று மறந்துபோயிற்றா? எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன் சீட்டில் டிஸ்பென்சரி சுந்தரலிங்கம் ஐயா இருந்தார். அந்த "அதே தண்ணி" அவர் கொடுக்கும் மருந்து என்று எல்லாருக்கும் தெரியும். அவரும் திரும்பிப் பார்த்தார், வழக்கமாக இறங்குவதற்கு முந்திய பஸ் ஹோல்ட்டிலேயே இறங்கி நடந்துவிட்டார்.

பாட்டில் என் குரல் இருப்பதால் திங்கட்கிழமை என்னைத் தோட்டத்து ஆபிசுக்குக் கூப்பிட்டார்கள். பாடியது யார் என்று சொல்லு, அவனுக்கு இனி இந்தத் தோட்டத்தில் வேலையும் இல்லை, குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்லை என்றார் தோட்டத்துத் தொரை. தங்கையாவின் பெண்சாதிக்கு இது ஏழாம் மாதம், உனக்குத் தெரியும். பாடினவனை எனக்குத் தெரியாது, அதைச் செய்வித்தது என் மகன், அவன் வந்து உங்களுக்குப் பதில் சொல்வான் என்று சிங்களத்திலேயே சொன்னேன். ஆமாம், உன் பேரைச் சொல்லிவிட்டேன். கோபிக்காதே. நீ இந்தத் தோட்டத்துப் பேர்ப்புத்தகத்தில் இல்லை, உன்னிடமிருந்து அவர்கள் பிடுங்க ஒன்றும் கிடையாது. தங்கையாவுக்கு எல்லாமே இங்கேதான்.

அன்று சாயந்தரம் நாங்கள் தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்கே சுந்தரலிங்கம் ஐயா வந்தார். அவர் ஒரு கொப்பியைத் திறந்து காட்டினார், சீதா வாசித்தாள், மாதா மாதம் அவர் ஆபிசுக்கு எழுதிக் கேட்ட மருந்துகள் பதினாறு வகை, வந்தது ஒன்றோ இரண்டோ. "பாட்டு நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டதெல்லாம் வந்திருந்தா உங்கட மகனுக்கு இந்தப் பாட்டுக் கிடைச்சிருக்காது எண்டு சொல்லுங்கோ" என்றார். சீதா பிறந்தபோது கொட்டும் மழையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்த மனிசன். நான் பஸ்ஸில் சிரித்தது எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆகவே மகனே, பாட்டை நிறுத்து என்று சொல்லவில்லை. பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ. தொரை பங்களாவில் போய் இது என் கேசட் என்று சொல்லு. பிறகு ஐயாவின் கொப்பியையும் பார், கேட்டது என்ன வந்தது என்ன என்று அடுத்த கேசட்டில் தங்கையா பேசட்டும். நல்ல நாளில் பாடுகிறவனை முன்னால் விட்டு நீ பின்னால் நிற்பது சரி, அடி வருகிற நாளில் நீ முன்னால் நிற்க வேண்டாமா? அதுவும் உன் தொழிலில் சேர்ந்ததுதான் என்று எனக்குப் படுகிறது. சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளி, பஸ் படியில் தொங்கிக்கொண்டு வராதே. உன் கை தொட்டது நல்லபடியாக நடக்கவும் நோய் நொடி அண்டாமலிருக்கவும் அம்மாவின் ஆசீர்வாதம். வரும்போது அப்பாவுக்கு இருமல் தைலம் ஒரு போத்தல், மறக்காதே.

இப்படிக்கு,
அம்மா இராஜம்

அண்ணா, இது அம்மா எழுதச் சொல்லாதது. செவ்வாய்க்கிழமையிலிருந்து, காலையில் வேலைக்குப் பேர் வாசிக்கிற பெரட்டுக்களத்தில் அம்மாவின் பேரைக் கூப்பிடுவதில்லை. நீ வந்து பதில் சொல்லும் வரை வேலை இல்லையாம். அம்மா தினமும் விடியலில் கூடையை மாட்டிக்கொண்டு போய், எல்லாரும் மலைக்கு ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். பதினாறாம் தேதி வரை வேண்டாம். இது கிடைத்த அன்றே புறப்படு.

சீதா