பட்டியலில் இல்லாத பெயர்

புதன், ஆடி 14

சிந்தாதிரிப்பேட்டை முருகேசன் என்னிடம் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த பழைய வீடியோ கேம் மெஷினின் சர்க்யூட் போர்டை வாங்கிப்போக இன்று கடைக்கு வந்தார். படத்தைக் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டிருந்த மெமரி சிப்பை நேற்றே மாற்றியிருந்தேன். கடைத் திரையில் இணைத்துக் காட்டினேன், படம் சுத்தமாக வந்தது. அவர் விளையாடவில்லை. அதிக ஸ்கோர் எடுத்தவர்களின் பட்டியல் வரும்வரை காத்திருந்தார்.

"இன்னா சார், தம்பி பேரக் காணோம்? போன மாசம் வரைக்கும் அவன்தானே ஃபர்ஸ்ட்டு!"

தம்பி இறந்து இரண்டு வருடமாம், இன்றுதான் சொன்னார். எனக்குத் தெரியாது. போர்டை வாங்கும்போது நான் எதையும் கேட்கவும் இல்லை.

எந்த போர்டு வந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுவது என் வழக்கம். அது கசிந்தால் போர்டையே அரித்துவிடும். ஆனால் ஸ்கோர்களை வைத்திருக்கும் சிப்புக்கு அந்த பேட்டரிதான் ஆதாரம். கழற்றியதும் எல்லாம் அழிந்திருக்கும். எனக்குத் தெரியாத விஷயமா இது? வேறு மின்சாரம் கொடுத்துவிட்டுக் கழற்றியிருக்கலாம்.

"ஸ்கோர் இருக்கும் சிப் வரும்போதே போயிருந்தது" என்று சொல்லிவிட்டேன். பயம்தான்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "அவன் ஸ்கோரத் தாண்ட முடியாம எவ்ளோ நாள் முட்டிக்கினு இருந்தேன் தெரியுமா? இப்ப சும்மா ஒரு ஆட்டம் ஆடுனா நான்தான் ஃபர்ஸ்ட்டு. வுடு சார், நீ இன்னா பண்ணுவ."

ஆடாமலே போர்டைப் பையில் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே தெருவரை போனேன். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.